கடைசி அரை அங்குலம்

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறையின் ஷட்டரை இடுப்பளவு தூக்கிவிட்டு, குனிந்து உள்ளே போனான் மெக்கானிக். அதற்கு மேல் தூக்கினால் கடை திறந்திருப்பதாக நினைத்து யாராவது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். வாரத்தில் ஆறு நாள் ஊரார் வண்டிக்கு அடியில் கிடப்பவன் அவன். ஏழாவது நாளாவது விடு என்று முதுகு கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்காத நாள் ஏது.

அக்காவின் கார், அடியில் இறங்கி வேலை செய்யும் குழிக்குப் பக்கத்தில் நின்றது. இருபத்திரண்டு வருடத்து வண்டி. முன் பம்பர் ஒரு பக்கம் தொங்கியது. இடது விளக்கு இருந்த இடத்தில் ஓட்டை. பானெட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். வியாழக்கிழமை மதியம் அது ஒரு பூட்டிய கடையின் ஷட்டரில் போய் முட்டியது. கடை வாசலில் யாரும் இல்லை. அக்காவுக்கு உதட்டில் இரண்டு தையல். அவ்வளவோடு போயிற்று.

அவ்வளவோடு போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அக்காவுக்கு வேலை, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், படி இறங்க முடியாதவர்கள் வீட்டுக்கெல்லாம் காலை ஆறு மணிக்கே போய்விடுவாள். பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறாள். லேப் இருக்கும் கட்டடத்தில் கார்களை நிலத்துக்கு அடியில் நிறுத்துவார்கள். அங்கிருந்து தெருவுக்கு வர செங்குத்தான ஏற்றம். அதில் ஏறி மேலே வந்த கார்தான் நிற்காமல் தெருவைக் கடந்து எதிர்க் கடையில் முட்டியது.

முதல் நாள் அக்கா சொன்னாள்: "மேலே வந்ததும் காலை எடுத்துட்டேன். வண்டி அடங்கல. பிரேக்குக்குக் கால் போறதுக்குள்ள முட்டிடுச்சு."

இரண்டாம் நாள் சொன்னாள்: "எடுத்தேன்னுதான் நினைக்கிறேன்."

மூன்றாம் நாள் போன் செய்தபோது, "தெரியலடா" என்றாள்.

வண்டியை இழுத்து வந்தவன் ஆக்சிலரேட்டர் பெடலை நாலு தடவை மிதித்துக் காட்டினான். நாலு தடவையும் துள்ளி மேலே வந்தது. "வண்டி கல்லு மாதிரி இருக்கு. அக்காதான் பிரேக்குன்னு நினைச்சு இதை மிதிச்சிருப்பாங்க. வயசாகுதுல்ல" என்றான். மெக்கானிக் அப்போது கை துடைத்துக்கொண்டிருந்தான். தலையை ஆட்டினான். மறுக்கவும் தெம்பில்லாத நேரம் அது.

லேப் மேனேஜர் ஒரு கடிதம் கேட்டிருந்தார். வண்டிக் கோளாறா, ஓட்டியவர் கோளாறா, திங்கட்கிழமைக்குள் எழுத்தில் வேண்டும். ஓட்டியவர் கோளாறு என்றால் அக்கா இனி வெளியே போக முடியாது. கவுன்ட்டரில் உட்கார்ந்து குப்பிகளுக்கு லேபிள் ஒட்ட வேண்டும். அக்கா அதற்கும் தயாராகிவிட்டாள். அதுதான் அவனை ஞாயிற்றுக்கிழமையில் இங்கே இழுத்து வந்தது.

ஷட்டருக்கு அடியில் முதலில் ஒரு பை வந்தது. பிறகு அக்கா. பிறகு முனகலோடு மாமா.

"என்ன மச்சான், உன் கடைக்கு வரணும்னா காலில் விழுந்துதான் வரணுமா?" என்றார் மாமா. அக்காவின் கணவர். அச்சகத்தில் புத்தகம் தைப்பவர். ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. சைக்கிளில்கூடப் பின்னால்தான் உட்காருவார். ஆனால் வண்டியைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது.

"உக்காருங்க மாமா."

"வாத்தியார் பிள்ளை மக்கு. மெக்கானிக் அக்கா வண்டி மக்கர்." மாமா ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தார். "நான் கேக்குறேன், அந்த நேரத்துல கிளட்சை மிதிச்சிருக்கலாமே?"

"மிதிச்சிருக்கலாம்" என்றாள் அக்கா. "வண்டி ஒரு நிமிஷம் டைம் கொடுத்திருந்தா இறங்கி வீட்டுக்கு வந்து உங்களக் கேட்டுட்டே மிதிச்சிருப்பேன்."

உதட்டுத் தையலால் அவள் பேச்சு ஒரு பக்கமாக வந்தது. சிரிப்பு வரவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு கை தூரத்தில், காரைத் தொடாமல் நின்றாள்.

அவன் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தான். முதலில் கால்மிதியைப் பார்த்தான். பெடல் சிக்கியதாக வரும் வண்டிகளில், அடியில் கால்மிதி சுருண்டு மாட்டிக்கொள்வது நூற்றில் ஐம்பதில் நடக்கும். இது நடக்கவில்லை. கால்மிதி கொக்கியில் மாட்டி ஒழுங்காகக் கிடந்தது. பெடலைக் கையால் அமுக்கினான். விட்டான். டக்கென்று மேலே வந்தது. பத்து தடவை அமுக்கினான். பத்து தடவையும் வந்தது.

பானெட்டின் கயிற்றை அவிழ்த்தான். காற்றுக் குழாயைக் கழற்றினான். இன்ஜினுக்குள் காற்று போகும் வாயில் ஒரு வட்டத் தகடு இருக்கிறது. பெடலை மிதித்தால் கேபிள் இழுத்து அது திறக்கும். விட்டால் ஸ்பிரிங் மூடிவிடும். தகட்டின் ஓரமெல்லாம் கரி.

"கரியா?" மாமா எழுந்து வந்தார். "அதுதான்! அதேதான்! நான் அன்னைக்கே சொன்னேன், உள்ளே ஏதோ அடைச்சிருக்குன்னு."

"எப்போ சொன்னீங்க?" என்றாள் அக்கா.

"மனசுக்குள்ள சொன்னேன்."

அவன் கரி போக்கும் மருந்து அடித்துத் துணியால் துடைத்தான். துணி கறுப்பானது. தகட்டை விரலால் திறந்து விட்டான். படக்கென்று மூடியது. துடைப்பதற்கு முன்பும் அப்படித்தான் மூடியது. அது அவனுக்குத் தெரியும்.

"எழுதிடு மச்சான். கரி பிடிச்சதால சிக்கிக்கிச்சு. இப்ப சுத்தம் பண்ணியாச்சு. கையெழுத்து. முத்திரை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்."

அவனுக்கும் வீட்டுக்குப் போக வேண்டும் போலத்தான் இருந்தது. எழுதிவிடலாம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்.

"கரிதானாடா?" என்றாள் அக்கா.

"இருக்கலாம்."

"இருக்கலாம்னு சொல்லாத. ஆமான்னு சொல்லு, இல்ல, இல்லைன்னு சொல்லு. மூணு நாளா எல்லாரும் இருக்கலாம், இருக்கலாம்னுதான் சொல்றாங்க. நான் தூங்கினாத்தான."

அவன் துணியைக் கீழே போட்டான்.

"இல்ல. கரி இல்ல."

அக்கா தலையை ஆட்டினாள். "அப்போ நான்தான்."

"அப்படிச் சொல்லல."

"வேற யாரு? வண்டியில நானும் வண்டியும்தான் இருந்தோம்."

அவன் குழாயைத் திரும்ப மாட்டி, அக்காவை உள்ளே உட்காரச் சொன்னான். அவள் தயங்கினாள். பிறகு உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். அவன் ஜன்னல் வழியாகக் கை விட்டு இன்ஜினைக் கிளப்பினான். முன்பக்கம் போய் நின்று, "மிதி" என்றான்.

இன்ஜின் கொஞ்சம் உறுமி அடங்கியது.

"இன்னும்."

இன்னும் கொஞ்சம். அடங்கியது.

"என்னக்கா, முட்டை மேல நிக்கிற மாதிரி மிதிக்கிற? நல்லா மிதி."

"வரலடா."

அவன் கிட்டே வந்து பார்த்தான். அவளுடைய வலது கால் பெடலுக்கு மேல் அந்தரத்தில் நின்றது. பத்தொன்பது வருடமாக ஆயிரக்கணக்கான பேர் கையில் நரம்பு தேடிக் குத்தியவள். குழந்தை அழுதாலும் கை ஆடாதவள். அவள் தன் காலையே பக்கத்து வீட்டு நாயைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் இன்ஜினை நிறுத்தினான்.

"அன்னைக்கு ஏத்தத்துல எவ்வளவு மிதிச்ச? இந்த அளவா?"

"இல்ல. முழுசா. தரை தட்டுற வரைக்கும்."

"எப்பவுமே அப்படித்தான் ஏறுவியா?"

"முன்னெல்லாம் அப்படி மிதிக்க வராது. கனமா இருக்கும்ல. பாதி மிதிச்சு, முக்கி முனகித்தான் ஏறும். நீ எண்ணெய் விட்டதுக்கு அப்புறம் வெண்ணெய் மாதிரி இறங்குது. அதனால முழுசா மிதிச்சே ஏறிட்டேன்."

அவன் கதவைப் பிடித்தபடி நின்றான்.

மூன்று வாரம் முன்பு ஒரு சாயங்காலம் வேலை முடிந்து அக்கா வீட்டுக்குப் போயிருந்தான். ஆக்சிலரேட்டர் கனமாக இருக்கிறது, கணுக்கால் வலிக்கிறது என்று அக்கா சொன்னாள். அவன் தெருவிலேயே பானெட்டைத் திறந்து, இன்ஜின் பக்கமாகக் கேபிளின் வாயில் எண்ணெய் விட்டான். நாலு தடவை இழுத்து விட்டான். லேசாகிவிட்டது. ஐந்து நிமிட வேலை. அக்கா டீ கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டான்.

கேபிள் சும்மா கனக்காது. கனத்தால் உள்ளே கம்பி பிரிகிறது என்று அர்த்தம். வெளி ஆள் வண்டி என்றால் ஜாப் கார்டு போடுவார்கள். கார்டில் பதினொன்றாவது வரி: ஆக்சிலரேட்டர் கேபிள், இரண்டு முனையும். ஒரு முனை இன்ஜினில். இன்னொன்று பெடலுக்கு மேலே, டேஷ்போர்டின் இருட்டில். அதைப் பார்க்க டிரைவர் காலடியில் தலைகீழாகப் படுக்க வேண்டும். கழுத்து போய்விடும். ஆனாலும் பார்த்துத்தான் டிக் போடுவான். போடாமல் ஒரு கார்டும் அவன் கையை விட்டுப் போனதில்லை.

சொந்தக்காரர் வண்டிக்குக் கார்டு கிடையாது. பட்டறை வழக்கம் அது. முதலாளியின் தம்பி வண்டிக்கும் கிடையாது. வாயால் சொல்வார்கள், கையால் செய்வார்கள், முடிந்தது.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. இன்ஜின் ஓடல. பயப்படாம முழுசா மிதி. தரை தட்டட்டும்."

அக்கா மிதித்தாள். விட்டாள். மேலே வந்தது.

"திரும்ப."

வந்தது.

"திரும்ப."

வந்தது. "மச்சான், அவளுக்கு என்ன தையல் மெஷின் ஓட்டக் கத்துக்கொடுக்கறியா?" என்றார் மாமா.

"திரும்பக்கா. கடைசி வரைக்கும்."

ஐந்தாவது தடவை மிதித்தாள். காலை எடுத்தாள்.

பெடல் வரவில்லை.

தரையோடு ஒட்டிக் கிடந்தது. அக்காவின் கால் அதற்கு மேல் ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றது. மூன்று பேரும் பார்த்தார்கள். வெளியே ஏதோ ஒரு லாரி போனது. அந்த அதிர்வில் பெடல் டக்கென்று எழும்பியது.

"இப்படித்தான்" என்றான் அவன். "முட்டின அதிர்வுல எழும்பியிருக்கு. அப்புறம் மிதிச்சவன் எவனும் முழுசா மிதிக்கல. கடைசி அரை அங்குலத்துலதான் இருக்கு."

அக்கா காலை மெதுவாகக் கீழே வைத்தாள். பெடல் மேல் இல்லை. பக்கத்தில், தரையில்.

"நான் காலை எடுத்தேன்" என்றாள்.

"எடுத்த."

"எடுத்தேன்டா."

"ஆமாக்கா."

அவள் அழவில்லை. கண்ணை மூடி சீட்டில் சாய்ந்துகொண்டாள். மூன்று நாள் மூட்டையைச் சுமந்து வந்து இறக்கியவள் மாதிரி மூச்சு வாங்கினாள்.

அவள் இறங்கியதும் அவன் உள்ளே போனான். சீட்டை முடிந்தவரை பின்னால் தள்ளி, கால் வெளியே, தலை பெடலுக்கு அடியில் என்று தலைகீழாகப் படுத்தான். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டான். கழுத்து நெரிந்தது. பெடல் தண்டின் மேல் முனையில் கேபிள் மாட்டியிருந்தது. கையால் பெடலைக் கடைசி வரை அமுக்கினான். உறைக்குள் இருந்து கம்பி வெளியே வந்தது. அதோடு ஓர் இழை அறுந்து, மீன் முள் மாதிரி வளைந்து வெளியே நீட்டியது. பெடலை விட்டால் கம்பி உள்ளே போக வேண்டும். இழை உறையின் வாயில் குத்தி நின்று, போக விடவில்லை. பாதி மிதித்தால் இழை உறைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். முழுசாக மிதித்தால்தான் வெளியே தலை நீட்டும். அப்படி மிதிக்க வழிவிட்டது அவனுடைய எண்ணெய்.

கேபிளைக் கழற்றி உருவும்போது இழை கட்டைவிரலில் ஏறியது. வெளியே வந்து முனையைக் காட்டினான்.

"இவ்வளவுதானா?" மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இத்துனூண்டு முடியா ஒரு காரைக் கொண்டுபோய் ஷட்டர்ல அடிச்சுது?"

அக்கா கேபிளைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தாள். பையிலிருந்து பஞ்சை எடுத்து வைத்து, "அமுக்கிப் பிடி" என்றாள். கை அதுவாகவே வேலை செய்தது. "எண்ணெய் இருக்கு. கழுவிட்டு மருந்து போடணும்." பிறகுதான் இழையைப் பார்த்தாள். "நல்லவேளைடா, அன்னைக்கு நீ எண்ணெய் விட்ட. இல்லைன்னா இன்னும் முன்னாடியே அறுந்திருக்கும்."

அவன் பஞ்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டான். "பார்ட்ஸ் கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றான்.

மாமாவும் கூட வந்தார். பார்ட்ஸ் கடைக்காரர் கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தார். மணி அடித்து, பெயர் சொல்லி, பிறகு காத்திருந்தார்கள். லுங்கியோடு இறங்கி வந்தார்.

"ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டியா? எந்த வண்டி?"

சொன்னான்.

"அது இன்னும் உயிரோட இருக்கா? எல்லாத்தையும் தூக்கிப் புதைச்சாச்சுன்னு நினைச்சேன்." உள்ளே போய்ப் பத்து நிமிடம் உருட்டினார். தூசியோடு ஒரு கேபிளை எடுத்து வந்தார். அவன் பழையதோடு சேர்த்து வைத்து அளந்தான்.

"நாலு அங்குலம் நீளமா இருக்கே."

"அதுக்கு அடுத்து வந்த மாடலோடது. ஒரு சுத்து சுத்தி விட்டுடு. குட்டையா இருந்தாத்தான் வம்பு."

"சுத்தினா வளைவுல இழுக்கும். சிக்கும். சரியான அளவு வேணும்."

"யார் வண்டி?"

"அக்கா வண்டி."

"சொந்த வண்டிதான! அட்ஜஸ்ட் பண்ணிக்கய்யா."

"அதான் வேண்டாங்கறேன்" என்றான் அவன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. கடைக்காரர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போனார். இந்தத் தடவை இருபது நிமிடம் ஆனது. சரியான அளவில் ஒன்று கிடைத்தது. உறை கிழியாதது.

திரும்பி நடக்கும்போது மாமா கேட்டார்: "என்ன மச்சான், இஞ்சி தின்ன குரங்கு மாதிரி வர்ற? கண்டுபிடிச்சாச்சு. சந்தோஷமா இரேன்."

அவன் சொன்னான். எண்ணெய், பதினொன்றாவது வரி, கார்டு, எல்லாம். மாமா நின்று கேட்டார். தெருவில் வெயில் ஏறியிருந்தது. நிழல் இருந்த பக்கம் குப்பைத் தொட்டி. அதன் பக்கத்தில் நின்றார்கள்.

"அவகிட்ட சொல்லாத" என்றார் மாமா.

"ஏன்?"

"மூணு நாள் கழிச்சு இன்னைக்குத்தான் மூச்சு விடுறா. பழியைக் கேபிள் மேல போட்டாச்சு. கேபிள் கோவிச்சுக்காது. உன் அக்கா கோவிச்சுக்குவா. நடுவுல நான்தான் கிடந்து நசுங்கணும்."

மாமா சொன்னதில் தப்பு எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. எப்படியானாலும் அக்காவின் பெயர் தப்பித்துவிடும். கடிதத்திலும் கேபிள் என்றுதான் எழுதப்போகிறான். இருந்தாலும் பட்டறைக்குத் திரும்பியதும் மேசை டிராயரைத் திறந்து ஒரு கார்டை எடுத்தான். வண்டி எண் எழுதினான். ஓட்டுபவர் சொன்ன புகார் என்ற இடத்தில் எழுதினான்: காலை எடுத்த பிறகும் பெடல் வரவில்லை.

பிறகு மறுபடியும் தலைகீழாகப் படுத்தான். புதுக் கேபிளை உறையோடு, இன்ஜினுக்கும் காலடிக்கும் நடுவே இருக்கும் தகட்டின் ஓட்டை வழியாக நுழைத்தான். அக்கா கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். அவன் படுத்திருந்த இடத்திலிருந்து அவளுடைய செருப்பும் கணுக்காலும் மட்டும் தெரிந்தன. முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடிந்திருக்காது.

"அக்கா."

"ம்."

"அன்னைக்குக் கனமா இருக்குன்னு சொன்னேல்ல. அப்பவே இந்த முனை பிரிஞ்சிருந்திருக்கு. நான் இந்தப் பக்கம் பார்க்கல. படுக்கச் சோம்பலா இருந்துச்சு. மேலாப்புல எண்ணெய் விட்டுட்டு வந்துட்டேன். எண்ணெய் விடாம இருந்தா நீ முழுசா மிதிச்சிருக்க மாட்ட. சிக்கியிருக்காது."

கணுக்கால் அசையவில்லை.

"வண்டியை இழுத்துட்டு வந்தவன் உன் கால்தான்னு சொன்னான். நானும் தலையாட்டினேன்."

டயர் மேலிருந்து மாமா தொண்டையைக் கனைத்தார். அவன் திருகாணியை முறுக்கினான். செருப்புகள் திரும்பின. ஷட்டர் வரை போயின. அடியில் குனிந்து வெளியே போயின.

"சொன்னேன்ல?" என்றார் மாமா.

அவன் வேலையை முடித்தான். பெடலைக் கையால் நூறு தடவை அமுக்கினான். எண்ணிக்கொண்டே அமுக்கினான். பிறகு இன்ஜினைக் கிளப்பி இன்னும் ஐம்பது. பானெட்டையும் தொங்கிய பம்பரையும் கயிற்றால் கட்டினான். கைகழுவும் தொட்டியில் கட்டைவிரல் எரிந்தது. மேசையில் உட்கார்ந்து பட்டறைத் தாளில் கடிதம் எழுதினான். மாமா தோளுக்கு மேலாகப் படித்தார். மறுமுனையைத் தான் பார்க்காமல் விட்டதை அவன் எழுதிக்கொண்டிருந்தான். "இதையுமா எழுதற? உன் முதலாளி உன் தோலை உரிச்சு சீட் கவர் தைச்சுடுவார்" என்றார். அவன் எழுதினான்.

அக்கா திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். தையல் போட்ட உதடு வீங்கியிருந்தது. கடிதத்தை எடுத்து நின்றபடியே படித்தாள். இரண்டு தடவை படித்தாள் போல. மடித்துப் பையில் வைத்தாள்.

"மூணு நாளா குளிக்கப் போகும்போதுகூட காலைப் பார்த்துப் பார்த்து வெச்சேன்டா" என்றாள். "ராத்திரி எழுந்து கட்டில் ஓரத்துல உக்காந்து, இது வலது, இது இடதுன்னு அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். பைத்தியம் பிடிச்சுடும்போல இருந்துச்சு. ஊசி பிடிக்கிற கையும் இப்படித்தான் ஒரு நாள் போயிடுமோன்னு."

அவன் பேனாவை மூடி வைத்தான்.

"வேற ஆள் வண்டியா இருந்தா படுத்திருப்பேல்ல?"

"படுத்திருப்பேன்."

"ம்." அவள் கையை நீட்டினாள். "சாவி கொடு."

"நான் ஒரு சுத்து ஓட்டிப் பார்த்துட்டு..."

"சாவி கொடுடா."

பட்டறைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் ஏற்றம் ஒன்று உண்டு. பட்டறை வண்டிகளை அதில்தான் ஏற்றிப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையில் அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. அக்கா காரை ஏற்றத்துக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினாள். அது வரை ஊர்ந்துதான் வந்தாள். அவன் முன்கதவைத் திறந்தான்.

"நீ ஏறாத" என்றாள். "மேலே போ. தொட்டிச் சுவத்துல முதுகு வெச்சு நில்லு."

மாமா பதறினார். "ஏய், என்ன பேசற நீ? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நீங்க ஓரமா நில்லுங்க. அவன் செஞ்ச வேலைதானே. அவனுக்குத் தெரியுமில்ல, நிக்குமா நிக்காதான்னு."

அவன் ஏற்றத்தில் நடந்தான். முழங்கால் வலித்தது. சுவரில் முதுகை வைத்து நின்றான். சுவர் சூடாக இருந்தது. அங்கிருந்து கார் சின்னதாகத் தெரிந்தது. ஒற்றை விளக்கும், கயிற்றுக் கட்டும், கண்ணாடிக்குப் பின்னால் அக்காவின் முகமும். பயம் வரும் என்று எதிர்பார்த்தான். வந்தது களைப்புதான். உறை, திருகாணி, கொக்கி என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் தொட்டுப் பார்த்தான். இரண்டு முனையும்.

இன்ஜின் உறுமியது. அவள் முழுசாக மிதிக்கிறாள் என்று சத்தத்திலேயே தெரிந்தது. கார் ஏற்றத்தில் முட்டிக்கொண்டு ஏறியது. பாதி தாண்டியது. முக்கால் தாண்டியது. மேல் சமதளத்தில் சக்கரம் பட்டதும் சத்தம் அறுந்தது. கார் தானாக அடங்கி, தலையைத் தாழ்த்தி, பத்தடி தூரத்தில் நின்றது.

அவன் நகரவில்லை. அக்கா அவனைப் பார்த்தாள். பின்னால் எடுத்து, ஏற்றத்தின் அடிவரை இறங்கினாள். மறுபடியும் ஏறினாள். மறுபடியும் சத்தம் அறுந்தது. இந்தத் தடவை ஏழடி. மூன்றாவது தடவை அவள் அவனைப் பார்க்கவே இல்லை. சாலையைப் பார்த்து ஓட்டினாள்.

பக்கத்துக் கதவை உள்ளிருந்து திறந்துவிட்டாள்.

"ஏறு. கோவம் போகலை. சும்மா ஏறு."

மேலே நடந்து வந்த மாமா பின் சீட்டில் ஏறினார். "மூணு தடவை எனக்குத்தான் உயிர் போய் வந்துச்சு. அதை யாராவது கேட்டீங்களா?"

"நாளைக்கு ஆறு மணிக்கு முதல் வீடு" என்றாள் அக்கா, யாரிடமும் இல்லாமல். "அந்தப் பெரியவர் நரம்பு கிடைக்காது. வேற யாரையும் அனுப்பினா திட்டி விரட்டிடுவார்."

போகிற வழியில் அவன் பட்டறை ஷட்டரை இறக்கிப் பூட்டினான். கார் பெரிய சாலையில் ஏறியது. அவன் கடிதத்தைப் பற்றி, முதலாளியைப் பற்றி, விளக்கு மாட்டுவதைப் பற்றி ஏதோ சொல்ல நினைத்தான். மாமா பின்னால் கிளட்ச் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சிக்னலில் கார் மெதுவாக நின்றது. மெதுவாகக் கிளம்பியது. அடுத்தவர் ஓட்டினால் அவனுடைய கால், அங்கே இல்லாத பிரேக்கை எப்போதும் தேடும். அதை நினைத்துக் காலைப் பார்த்தான். அது சும்மா கிடந்தது. இரண்டாவது சிக்னல் வருவதற்குள் தூங்கிப்போனான்.